ஒரு ஆளுக்கு மட்டும் கொடுக்கிற ஸ்காலர்ஷிப்

எங்கள் லைனில் யாரும் தனியாக எங்கேயும் போய்விட முடியாது. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டால் போதும், கடைசி வீட்டுக் கதவு திறக்கும். "எங்க போறே? இரு, நானும் வரேன்" என்று குரல் வரும். குரலுக்குப் பின்னால் ஒரு துணிப்பை வரும், பைக்குப் பின்னால் அத்தை வருவாள். பல்வலிக்கு மாத்திரை வாங்கப் போனாலும் சரி, பத்திரம் பதியப் போனாலும் சரி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களோடும் போனாள்.

பாலகாட் பக்கம் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள்தான் எங்கள் லைன். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து 'நூறு' என்பார்கள், சுவர்கள் அப்படி. அத்தை எனக்கு உறவில்லை. லைனில் எல்லாருக்கும் அவள் கடைசி வீட்டு அத்தைதான். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். குள்ளமான, கொஞ்சம் பருத்த உருவம். ஆனால் நடையில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, நாம் பத்தடி நடப்பதற்குள் வந்து ஒட்டிக்கொள்வாள். அவள் வீட்டுக்காரர் சுரங்கம் மூடியபோது கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவர். மூட்டுவலி மனிதர், வாய் திறக்கமாட்டார். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். "மாமா கல்யாணத்துக்கு அப்புறம் தனியா போன ஒரே எடம் கக்கூஸ்தான்" என்று அப்பா கிண்டல் செய்வார். மாமா அதை மறுத்ததில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சின்ன வயதில் தொலைந்துபோனாள் என்பார்கள், பேய் பயம் என்பார்கள். அவளிடமே கேட்டேன். "எங்கப்பா சொல்லும். லெவல்ல ஒத்த ஆளா நடக்கக் கூடாது. ஒருத்தன் லைட்டு அணைஞ்சா இன்னொருத்தன் லைட்டு வேணும் இல்ல?" என்றாள். பூமிக்கு அடியில், லெவல் என்கிற சுரங்கப் பாதைகளின் இருட்டுக்குள் தங்கம் வெட்டப் போனவர்களுக்கான சட்டம் அது. சுரங்கம் மூடி, ஆட்களைக் கீழே இறக்கிய கேஜ் துருப்பிடித்து, அது இறங்கிய ஷாஃப்ட் குழியின் வாயில் முள்ளுச்செடி முளைத்துவிட்டது. இவள் மட்டும் அந்தச் சட்டத்தை மேலே கொண்டுவந்து, பட்டப்பகலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் மேல் நடத்திக்கொண்டிருந்தாள்.

கூட வருவதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. பக்கத்தில் நடக்க மாட்டாள். இரண்டு மூன்றடி பின்னால்தான் வருவாள். அவ்வப்போது தொண்டையைச் செருமுவாள். நான் இங்கேதான் இருக்கிறேன், நீ நட என்று அர்த்தம். பெங்களூரில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பி, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே ஸ்டேஷன் வரைக்கும் எனக்குப் பின்னால் அந்தச் செருமல் வந்தது. மழை, பனி, காய்ச்சல் எதற்கும் அது நின்றதில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கும். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்கலாம் என்றால், நான் எத்தனை சத்தமாகப் பாட்டு வைத்தாலும் இவள் அதற்கு மேலே செருமுவாள்.

கூடப் போவாளே தவிர, நல்லது கெட்டது பார்க்க மாட்டாள். லைனில் ஒரு பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும் கோர்ட்டில் வழக்கு. முதல் வாய்தாவுக்கு அத்தை அந்தப் பெண்ணோடு போனாள். எதிர்த் தரப்பில் அந்தப் பையன் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அடுத்த வாய்தாவுக்கு அவனோடு போனாள். அதற்கடுத்தது இவளோடு. பெண்ணின் அம்மா லைனே அதிரச் சண்டைக்கு வந்தாள். "நீ யாரு பக்கம்டி?" என்றாள். அத்தைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ரெண்டு பேருமே தனியாத்தானே போவுதுங்க?" என்றாள். தீர்ப்பு வந்த அன்று இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

அதைவிடப் பெரிய கூத்து, மூன்றாம் வீட்டுப் பெண் ஓடிப்போனபோது நடந்தது. விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பூனைபோல் நழுவியவளுக்குப் பின்னால் கடைசி வீட்டுக் கதவு திறந்துவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் கூடவே போய், அந்தப் பையன் வருகிறவரை காத்திருந்து, இரண்டு பேரையும் ரயிலேற்றிவிட்டு வந்திருக்கிறாள். பெண்ணின் அப்பா மண்ணை வாரித் தூற்றினார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார். "தடுக்கச் சொல்லி யாரும் சொல்லலியே. இருட்ல தனியா போவுதேன்னு போனேன்" என்றாள் அத்தை. அந்த வீட்டோடு ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அந்த அப்பாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது ஆட்டோவில் பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்?

இப்படிப்பட்டவள் இருக்கிற லைனில் இருந்துகொண்டுதான் நான் வெளிநாட்டுக்குத் தனியாகப் போக ஆசைப்பட்டேன்.

எங்கள் ஊரைச் சுற்றி மலைபோல் நிற்கிற சைனைட் மேடுகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். சைனைட் விட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண். காற்றடித்தால் அந்தத் தூசு சோற்றில் விழும். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குப் போகும். வேலையிடத்தில் ஊர் ஊராகத் தண்ணீர் வரும், எல்லாவற்றையும் சோதிப்பேன். எங்கள் ஊர்த் தண்ணீரையும் ஒருமுறை பாட்டிலில் கொண்டுபோய்ச் சோதித்தேன். அன்றைக்குத்தான் இந்த மண்ணைச் சரிசெய்யப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. அதற்கென்றே மேல்படிப்பு இருக்கிற பல்கலைக்கழகம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் ஒரு வருஷக் கட்டணம், எங்கள் லைன் மொத்தத்தையும் விற்றாலும் தேறாது. நம்மைப்போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் ஸ்காலர்ஷிப் ஒன்று இருப்பதாக வேலையிடத்தில் ஒருத்தி சொன்னாள். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு அதில் கஷ்டமே இல்லை. திரும்பி வந்து செய்யத்தான் படிக்கவே போகிறேன்.

செய்தி கடைசி வீட்டுக்குப் போனது. அத்தை வந்து உட்கார்ந்தாள்.

"ஸ்காலர்ஷிப்புன்னா இன்னா?"

"அவங்களே ஃபீஸ் கட்டுவாங்க அத்தே. ஃப்ளைட் டிக்கெட் குடுப்பாங்க. தங்கறதுக்கு, சாப்பாட்டுக்கு எல்லாம் குடுப்பாங்க."

"டிக்கெட்டு ரெண்டு குடுப்பாங்களா?"

"இல்ல. எனக்கு மட்டும்."

"ஒரு ஆளுக்கு மட்டுமா?" அத்தை என் அம்மாவைப் பார்த்தாள். "இன்னா ஸ்காலர்ஷிப்பு அது? அவ்ளோ தூரம் ஒரு பொம்பளப் புள்ளைய கூப்டறானுங்க. கூட ஒரு ஆளுக்கு டிக்கெட்டு குடுக்க மாட்டானுங்களாமா? நல்ல கவர்மெண்டு இல்லம்மா அது. சரியா விசாரிச்சியா?"

அன்றிலிருந்து லைனில் அந்த நாட்டின் பெயர் கெட்டது.

கெட்ட பெயர் வேறு, கூட வருவது வேறு. பாஸ்போர்ட்டுக்கு வந்தாள். போலீஸ் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வந்தாள். ஆங்கிலப் பரீட்சைக்குப் பெங்களூர் வரை ரயிலில் வந்தாள். பெரிய கண்ணாடிக் கட்டடம் அது. வாசலில் செக்யூரிட்டி என்னை விட்டுவிட்டு அவளை நிறுத்தினான். "அவள ஜொதெகெ பந்திதீனி" என்றாள். ஜொதெ என்றால் கன்னடத்தில் துணை, அவளுக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்கிறாள். அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் என்று எதைப் பார்த்தாலும், அங்கே தமிழ்க்காரனே உட்கார்ந்திருந்தாலும், கன்னடத்துக்கு மாறிவிடுவாள். பரீட்சைக்கெல்லாம் ஜொதெ கிடையாதும்மா என்று அவன் சொல்ல, "பரீட்சை எழுதும்போது மயக்கம் போட்டா யார் பாப்பாங்க?" என்று அவனிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மத்தியானம் வெளியே வந்து பார்த்தால், மர நிழலில் என் டிபன் பாக்ஸைத் திறந்து யாரோ ஒரு பெண்ணுக்கு எலுமிச்சம்பழச் சாதம் போட்டுக்கொண்டிருக்கிறாள். தனியாகப் பரீட்சை எழுத வந்த பெண்ணாம், தும்கூராம், அழுதுகொண்டிருந்ததாம். எனக்கு மிஞ்சியது ஊறுகாயும் பாதிச் சாதமும். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் பேசிக் காட்டுகிற பரீட்சை வேறு இருந்தது. அதைப் பசியோடு பேசினேன்.

முதல் வருஷம் விண்ணப்பத்திலேயே என்னைத் தள்ளிவிட்டார்கள். வருந்துகிறோம் என்று இரண்டு வரி மின்னஞ்சல். நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன். அத்தை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு மட்டும் வரலியா, எல்லாருக்கும் வரலியா?"

"ஆயிரக்கணக்குல வரல அத்தே. போ."

"அப்ப பரவால்ல. கூட ஆளுங்க கீறாங்க" என்றாள் நிம்மதியாக.

சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது வருஷம் கூப்பிட்டார்கள். மடிக்கணினியில், இருந்த இடத்திலேயே இன்டர்வியூ. வேலையிடத்தில் வைத்துக்கொள்ள முடியாது, நான் போகப்போவது மேனேஜருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். லைனில் சிக்னல் நிலையாக நிற்கிற ஒரே வீடு, டவருக்குப் பக்கத்தில் இருந்த கடைசி வீடு. கஷ்டகாலம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

விதிகளை அனுப்பியிருந்தார்கள். அறையில் விண்ணப்பித்தவரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் இன்டர்வியூ செல்லாது. அதைத் தமிழில் ஒருமுறை, பிறகு அவளுக்கு ஆபீஸ் மொழி என்பதால் கன்னடத்தில் ஒருமுறை அத்தைக்குச் சொன்னேன். "சரிடி, நா வெளிய உக்காந்துக்கறேன்" என்றாள். மாமாவை டீக்கடைக்கு அனுப்பினாள். சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். மின்விசிறி சத்தம் போடுகிறதென்று அதை நிறுத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். முதல் கேள்விகள் சுமாராகப் போயின. பிறகு, நீ பொறுப்பெடுத்து நடத்திய ஒரு விஷயத்தைச் சொல் என்றார்கள். நெஞ்சில் மனப்பாடமாக இருந்ததுதான். வாய்க்கு வரவில்லை. திரையில் என் முகத்தையே நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சமையலறையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

முன்கதவால் போனவள் பின்பக்கமாகச் சுற்றி வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பேச்சு நின்று திணறுவது காதில் விழுந்ததும், எனக்குத் தைரியம் வரட்டும் என்று செருமியிருக்கிறாள்.

அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அந்த அம்மாள் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கேமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள், திருப்பினேன். சமையலறை வாசலில் ஈரக்கையோடு அத்தை நின்றுகொண்டிருந்தாள். திரையில் வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். ஆபீஸர்கள் அல்லவா, "அவள ஜொதெகெ பந்திதீனி சார்" என்று கன்னடத்தில் சொன்னாள்.

இவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஆங்கிலம் தெரியாது, எனக்கு எந்த விடையும் சொல்லித்தரவில்லை, யாரையும் தனியாக விடமாட்டார், அவ்வளவுதான் என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அதை நான் பார்த்தேன். ஆனால் விதி விதிதான். மூன்று பேரும் ஒலியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டார்கள். பிறகு, மன்னிக்க வேண்டும், இந்த இன்டர்வியூவை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், விரும்பினால் அடுத்த வருஷம் விண்ணப்பியுங்கள் என்றார்கள். திரை கறுத்துப்போனது.

நான் கத்தினேன். லைன் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினேன். "உன்ன யாரு கேட்டாங்க? யாருக்கு வேணும் உன் தொணை? என் வாழ்க்கையே போச்சு!" என்றேன். கத்தியது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எத்தனை நாள் உழைப்பு! அத்தை உள்ளே வந்தாள். அணைத்த மின்விசிறியை மறுபடி போட்டாள், என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் விடியற்காலை நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது பின்னால் சத்தமே இல்லை. ஒழிந்தது என்று நடந்தேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், வெகு தூரத்தில், வழக்கமான இரண்டு மூன்றடிக்குப் பதிலாக ஒரு தெரு தள்ளி, அவள் வந்துகொண்டிருந்தாள். செருமவில்லை. நான் நின்றேன், அவளும் நின்றாள். நான் நடந்தேன், அவளும் நடந்தாள். பல மாதம் அப்படித்தான் போனது. எனக்குக் கோபம் தீர்ந்துபோன பிறகும் அவள் கிட்டே வரவில்லை.

அப்பா சொல்லிவிட்டார், இன்னும் ஒரே ஒரு தடவை. அதற்குமேல் கிடையாது. குடியாத்தத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு ஏற்கனவே இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தது. நல்ல இடம், பையன் நல்லவன், அதெல்லாம் சரி. அந்த வீட்டுக்குப் போனால் நான் சைனைட் மேட்டைச் சரிசெய்யப்போவதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது வருஷமும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எங்கே வைத்துக்கொள்வது என்று நானும் அம்மாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தபோது அத்தை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க வூட்லயே பண்ணு. நா இருக்க மாட்டேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போன தடவையும் இதத்தான் சொன்னே."

"போன தடவ வெளிய உக்காந்துக்கறேன்னு சொன்னேன். இந்தத் தடவ ஊர்லயே இருக்க மாட்டேன்."

இன்டர்வியூ அன்று காலை நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, துணிப்பையோடு வெளியே வந்தாள். பின்கதவைப் பூட்டிச் சாவியை அம்மா கையில் கொடுத்தாள். மாமாவை எங்கள் வீட்டில் உட்கார வைத்தாள். பங்காருபேட்டைக்குப் போகிறேன், சாயங்கால வண்டிக்குத் திரும்புகிறேன் என்றாள்.

"யாரு கூட?" என்று அம்மா கேட்டாள்.

"தனியா."

அடுத்த வீட்டுக்காரி வெளியே வந்தாள். அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒருவர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். லைனே வாசலில் நின்றது. மாமா சிரமப்பட்டு எழுந்து, தானும் வருவதாகச் செருப்பைத் தேடினார். அவர் வாய் திறந்து பேசி நான் கேட்ட மிகச் சில தடவைகளில் அது ஒன்று. அத்தை அவரை உட்கார்த்தினாள். "நீ வந்தா அப்பால அது தனியா எப்டி ஆவும்?"

"இங்கயே கோயில்ல போய் உக்காரேன்" என்றாள் அம்மா. "எதுக்கு அவ்ளோ தூரம்?"

"இங்க இருந்தா என் காலு நிக்காது. வந்துடும். வண்டி ஏறிட்டா சாயங்காலம் வரிக்கும் திரும்ப முடியாது இல்ல?" பஸ்ஸில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். அதனால் ரயில்தான், நடுவில் வேறு வண்டி கிடையாது. தன் காலைத் தானே கட்டிப்போட அவளுக்குத் தெரிந்த வழி அது.

நான் ஸ்டேஷன் வரையாவது வருகிறேன் என்றேன். "நீ படி" என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் யாரும் இல்லாமல், வேகமாக நடந்தாள். திருப்பத்தில் ஒருமுறை நின்று பின்னால் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மத்தியானம் இன்டர்வியூ. போன வருஷத்து நரைத்த அம்மாள்தான் நடுவில். அறையில் தனியாக இருக்கிறாயா என்று முதல் கேள்வியே கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த முறை அது உண்மை. அந்த வீட்டில் அத்தனை அமைதியை நான் கேட்டதேயில்லை. அதற்குப் பிறகு மண், தண்ணீர், கிணறு, திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவர்கள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் முடிந்தபோது, பேச வேண்டியதைப் பேசிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா சாப்பாட்டோடு காத்திருந்தாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் பங்காருபேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவள்போல் விறைப்பாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"தனியாவா வந்தே?"

"ஆமா அத்தே."

தோளில் ஒரு அடி விழுந்தது. "வூட்ல சொன்னியா?"

"இல்ல."

இன்னொரு அடி. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கையை விடவில்லை.

"இன்னா ஆச்சு?"

"நல்லா பேசினேன்னு நெனைக்கறேன்."

தலையாட்டினாள். அது முடிந்துபோன விஷயம் என்பதுபோல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா பண்ணே இவ்ளோ நேரம்?" என்றேன்.

"உக்காந்துகினு இருந்தேன். மொதல்ல பயமா இருந்துச்சு. யார்னா வந்து யாரு கூட வந்தேன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு. யாருமே கேக்கலடி. ஒரு வண்டி போச்சு. இன்னொரு வண்டி போச்சு. அழுவ வந்துச்சு, அழுதேன். அப்பால பசி எடுத்துச்சு. ஒரு மசால் வடை வாங்கி, யாருக்கும் பிட்டுக் குடுக்காம, முழுசா நானே துன்னேன்." அதைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "அப்பால ஒண்ணும் ஆவல. சும்மா உக்காந்துகினு இருந்தேன்."

பிறகு அவளே சொன்னாள்.

"உன்ன அவ்ளோ தூரம் தனியா எப்டி வுடறதுன்னே எனக்கு நெஞ்சு அடிச்சிகினு இருந்துச்சு. வேண்டாம்னு சொல்ல நா யாரு? அதான், தனியா இருந்தா இன்னா ஆவும்னு நானே இருந்து பாக்கலாம்னு வந்தேன். பாத்துட்டேன். கஷ்டமாத்தான் கீது. ஆனா இருக்கலாம்."

என் கையை விட்டாள். கலைந்திருந்த என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீ போய்ட்டு வா" என்றாள்.

ஸ்காலர்ஷிப் கிடைத்ததும், போனதும், ஒரு வருஷம் கழித்து ஊருக்கே திரும்பி வந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. நான் வருவதற்குள் அத்தை மாமாவோடு ஓசூரில் மகள் வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அந்த அடுக்குமாடியில் லிஃப்டில் யார் தனியாக ஏறினாலும் கூடவே ஏறிக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறாள் என்று மகள் போனில் புலம்பினாள். திருந்தவேயில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு அந்த பெஞ்சில் நான் ஏன் அப்படித் தேம்பி அழுதேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்டர்வியூ சரியாகப் போகவில்லையோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். 'போய்ட்டு வா' என்று அவள் யாருக்கும் சொல்லி நான் கேட்டதேயில்லை. எல்லாரோடும் கூடவே போய்விடுகிறவளுக்கு, அதுவரை அந்த வார்த்தை தேவைப்படவில்லை.